பஸ்ஸில் போகிறவன் மட்டும்தானா பொறுப்பு?



பாகான் டாலாம் பக்கம் காலை நேரத்துப் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். முகக்கவரி போட்டவரைக் காண்பது இன்று அத்தி பூத்தாற்போலத்தான். சட்டமும் இப்போது கட்டாயப்படுத்தவில்லை. 2020 ஆகஸ்டு 1-ஆம் தேதி பொதுப் போக்குவரத்தில் முகக்கவரி கட்டாயமானது. போடாதவருக்கு 1,000 வெள்ளி அபராதம் என்றார்கள். 2023 ஜூலை 5-ஆம் தேதி அந்தக் கட்டாயம் நீங்கியது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பஸ்ஸிலும் ஃபெரியிலும் தொழிற்சாலை வேனிலும் போய்வந்த நம் மக்கள் பாதுகாப்பு விதிகளை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இதை ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். அடுத்த நோய் சொல்லிக்கொண்டு வராது.

"நம்மாளுங்க சொன்னா கேக்கமாட்டாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. ஆபீஸில் பேசுகிறார்கள். ஏன், நமக்குள்ளேயே சிலர் பேசுகிறார்கள். இதை நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை.

கணக்கைப் பார்ப்போம். கட்டாயம் வந்த அன்று ஒரு முகக்கவரியின் உச்ச விலை 1 வெள்ளி 50 காசு. அந்த ஆண்டு மாநகர், நகராண்மைக் கழக எல்லைக்குள் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால், நாள் சம்பளம் 46 வெள்ளி. வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொன்று போட்டு ஒரு தடவை வெளியே போய்வந்தால் 6 வெள்ளி போச்சு! ஒரு நாள் உழைப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு முறை போட்டு வீச வேண்டியதைத் துவைத்துக் காயப்போட்டு மறுநாளும் மாட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அதற்குப் பெயர் அலட்சியமா? இல்லாமை ஐயா, இல்லாமை! அவ்வாண்டு நவம்பரில் விலை 70 காசுக்கு இறங்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அப்படியும் போட்டார்கள். தம் கையில் இருந்ததை நம் மக்கள் செய்தார்கள்.

கையில் இல்லாததைத்தான் செய்ய முடியவில்லை. 'கூடல் இடைவெளி விடு' என்றது விதி. 2021 மே 25 முதல் பஸ்ஸில் பாதிப் பேரைத்தான் ஏற்றலாம் என்று வந்தது. நல்ல விதிதான். ஆனால் பாதிப் பேரை ஏற்ற வேண்டுமானால் பஸ் இரண்டு மடங்கு ஓட வேண்டாமா? ஓடாவிட்டால் மீதிப் பேர் பஸ் நிறுத்தத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். வந்த பஸ்ஸை விட்டால் வேலைக்கு நேரமாகும். நேரமானால் சம்பளத்தில் கை வைப்பார்கள். அந்த நிலையில் நிற்கிறவனிடம் போய் 'தள்ளி நில்' என்றால் அவன் எங்கே தள்ளி நிற்பான்? இடைவெளி என்பது பயணியின் மனத்தில் இல்லை. பஸ்ஸின் எண்ணிக்கையில் இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த கதையல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் இறக்கி வைத்தார்கள். கப்பலின் மேல்தளத்தில் நெருக்கியடித்து ஏற்றி வந்தவன் ஒருவன். தீவில் அடைபட்டுக் கிடந்தவன் இன்னொருவன். நோய்க்கு வழி திறந்து விட்டவனை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேள்வி அதேதான்.

காற்றையும் கொஞ்சம் கவனியுங்கள். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய பழைய ஃபெரியில் நாலா பக்கமும் கடல் காற்று அடிக்கும். 2021 ஜனவரியில் பயணிகளை விரைவுப் படகுக்கு மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் வந்தன. இரண்டிலும் அடைத்த கூடம், குளிர்சாதனம். சொகுசை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கோவிட் காற்றில் பரவும் நோய். அடைத்த இடத்தில் காற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியது கம்பெனியின் வேலை. அதைப் பயணி செய்ய முடியாது. ஆட்களை ஏற்றிப் போகும் வேனிலோ சன்னலைத் திறந்து வைக்கக் காசு செலவில்லை.

அப்படியானால் நம் பக்கம் குற்றமே இல்லையா? இருக்கிறது. முகக்கவரியைத் தாடையில் மாட்டிக்கொண்டு, "எல்லாம் சாமி பாத்துக்கும்" என்றவர்கள் நம்மில் உண்டு. மூக்கை மூடச் சொன்ன டிரைவரிடம் மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. அந்த டிரைவரும் சம்பளக்காரன்தானே! நாள் முழுதும் முன்னூறு பேர் மூச்சில் உட்கார்ந்திருக்கிறவன் அவன்தான். இப்போது யாராவது முகக்கவரி போட்டு வந்தால், "என்ன, இன்னுமா பயம்?" என்று கேலி செய்கிறோம். அவர் வீட்டில் நோயாளி இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். இந்தக் கேலியை விட வேண்டும்.

இன்னொன்று, காய்ச்சலை மறைத்துக்கொண்டு பஸ் ஏறுவது. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஏன் மறைக்கிறார்கள்? வீட்டில் படுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற பயம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால் ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. கிளினிக் சீட்டு வேண்டும். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவரும் தொழிலாளிதான். "காண்டிராக்ட் ஆளுக்கு எம்.சி. கிடையாது" என்று யாராவது சொன்னால் உடனே சங்கத்துக்கு வாருங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்களும் அவரும் ஒரே வேனில்தானே போகிறீர்கள்?

ஆகவே தோழர்களே, இருமல் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது முகக்கவரி போட்டு, மூக்கையும் சேர்த்து மூடுங்கள். இது நம் கடமை. போதிய பஸ், காற்றோட்டமுள்ள வண்டி, சம்பளத்தோடு விடுப்பு, இவை நாம் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. நோய் வந்த பிறகு கேட்டால் அவசரத்தில் அபராதச் சீட்டுத்தான் முதலில் வரும். இப்போதே கூட்டத்தில் பேசுங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் இந்த மூன்றும் இடம்பெற வேண்டும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஒரே பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. அங்கே ஒருவருக்கு வந்தால் அத்தனை பேருக்கும் வந்ததுதான்.