கேசினோ வாசலில் உட்கார்ந்தவங்க செஞ்சது தப்பா?

அறவழியில சட்டத்தை மீறுறவங்களை ஒரு அரசு டாக்டர் ஆதரிச்சுப் பேசலாமா? பேசலாம்னுதான் நினைக்கிறேன். ஏன்னு சொல்ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரத்துல நடந்ததை எடுத்துக்கிறேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

முதல்ல என் துறை. சூதாட்ட அடிமைத்தனம் ஒரு நோய். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில், குடி, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கிற அதே அத்தியாயத்துக்கு இதையும் கொண்டுவந்துட்டாங்க.

"மன உறுதி இருந்தா விட்டுடலாம் டாக்டர்"னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்ஸோல்னு ஒரு மாத்திரை தர்றோம். மூளையில டோபமின் செய்யிற வேலையை அது செய்யும். அதைச் சாப்பிட்ட சிலர், அதுவரை சூதாட்டப் பக்கமே போகாதவங்க, திடீர்னு பணத்தை வச்சு ஆட ஆரம்பிச்சிருக்காங்க. மாத்திரையைக் குறைச்சதும் பலருக்கு அது அடங்கியிருக்கு. இதுல மன உறுதி எங்க வந்துச்சு?

அடுத்தது தூரம். அமெரிக்க அரசு அமைச்ச தேசிய ஆணையத்துக்காக நடந்த 1999 ஆய்வு, கேசினோவுக்கு 50 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற மக்கள்கிட்ட சூதாட்டப் பிரச்சனை ஏறக்குறைய இரண்டு மடங்குன்னு காட்டுச்சு. இது தொடர்புதான், காரணம்னு நிரூபணம் ஆகலைன்னு வாதாடலாம். நியாயமான வாதம். ஆனா டாஸ்மாக் தெருமுனைக்கு வந்தா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல யாருக்கும் ஆய்வு தேவையில்லை. மருந்துக்கு டோஸ் மாதிரி சூதாட்டத்துக்குத் தூரம். அதனாலதான் "எங்க தெருவுல ஏன்?"னு கேட்கிறவங்களை சுயநலக்காரங்கன்னு என்னால தள்ள முடியல. அது பொது சுகாதாரக் கேள்வி.

இப்ப ஃபிலடெல்ஃபியா. 2004 ஜூலை, அமெரிக்க சுதந்திர தின விடுமுறை நேரம். குதிரைப் பந்தயம் பத்தின சில வரி மசோதா ஒண்ணு, ராத்திரியோட ராத்திரியா நூறு பக்கத்துக்கு மேல வீங்கி பென்சில்வேனியா சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. மாநிலம் முழுக்க ஸ்லாட் மெஷின் கூடங்கள் வர வழி செஞ்ச சட்டம் அது. ஃபிலடெல்ஃபியாவுக்கு இரண்டு. எங்கே வரணும்னு முடிவு பண்றது நகரம் கிடையாது, மாநில சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம். தேர்வானது டெலவேர் ஆற்றங்கரையில், வீடுகளை ஒட்டின இரண்டு இடங்கள்.

மக்கள் எடுத்த உடனே போய் கேட் முன்னாடி உட்காரல. இது முக்கியம். கேசினோ-ஃப்ரீ ஃபிலடெல்ஃபியானு ஒரு குழு 2006-ல் ஆரம்பிச்சு, திட்ட ஆவணங்களைக் காட்டுங்கன்னு முதல்ல வாரியத்துக்கிட்ட கேட்டாங்க. கெடு வச்சாங்க. கொடுக்கலைன்னா நாங்களே வந்து தேடி எடுத்துக்கிறோம்னு முன்கூட்டியே அறிவிச்சாங்க. சொன்னபடி 2006 டிசம்பரில் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்குப் போனாங்க. 14 பேர் கைது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒளிச்சு வைக்கிறாங்கன்னு கோஷம் போடுறது ஒண்ணு. பொதுமக்களோட காகிதத்தைப் பொதுமக்கள் பார்க்கப் போனா கைது பண்றாங்கன்னு ஊருக்கே காட்டுறது வேற. அதே மாசம் இரண்டு உரிமங்களையும் வாரியம் கொடுத்துடுச்சு.

அப்புறம் கையெழுத்து இயக்கம். வீடு, பள்ளி, வழிபாட்டுத் தலங்கள்ல இருந்து 1,500 அடிக்குள்ள கேசினோ வேண்டாம், இதை வாக்கெடுப்புக்கு விடுங்கன்னு 27,000 பேர். நகர மன்றம் ஒருமனதா ஒத்துக்கிச்சு. 2007 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியையே வாக்குச்சீட்டிலிருந்து தூக்கிடுச்சு. மக்கள் சும்மா இருக்கல. தேர்தல் அன்னைக்கே சொந்தமா பெட்டி வச்சு ஓட்டு வாங்கினாங்க.

மனு, கையெழுத்து, நகர மன்றம், ஓட்டு. எல்லாக் கதவையும் தட்டியாச்சு. அதுக்கு அப்புறமும் "சட்டப்படி போங்க"ன்னா எங்க போறது?

முடிவு? ஷுகர்ஹவுஸ் கேசினோ 2010 செப்டம்பரில் திறந்துட்டாங்க, இப்ப வேற பேர்ல ஓடுது. இன்னொண்ணு, ஃபாக்ஸ்வுட்ஸ், எதிர்ப்புக்கு நடுவுல இடம் மாத்திப் பார்த்து, சைனாடவுன் மக்கள்கிட்டயும் எதிர்ப்பை வாங்கி, கடைசியில பணம் திரட்ட முடியாம 2010 டிசம்பரில் உரிமத்தையே இழந்துச்சு. போராட்டத்தால மட்டும் நின்னுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தாமதம்ங்கிறது முதலீட்டாளருக்கு விஷம்.

"வருமானம் வருமே, வேலை வருமே?" வரும். ஸ்லாட் மெஷின் வருமானத்துல பாதிக்கு மேல வரியா போகுது. அதுதான் பிரச்சனையே. அரசே பங்குதாரர் ஆயிட்டா யாரு கண்காணிக்கிறது? நமக்குத் தெரியாத கதையா?

2017-ல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுங்கிற உச்ச நீதிமன்ற உத்தரவு அமலுக்கு வந்ததும், இங்க பல கடைகளை ஊருக்குள்ள மாத்தப் பார்த்தாங்க. தூரம் யாருக்குக் கூடுச்சு, யாருக்குக் குறைஞ்சுச்சு? அந்தக் கடை வாசல்ல உட்கார்ந்தது பெரும்பாலும் பெண்கள். குடும்பத்துல டோஸ் ஏறுறதை முதல்ல பார்க்கிறவங்க அவங்கதான்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கறார். சாலை மறியல்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது 108 வண்டி. பிரசவ ரத்தப்போக்கோட ஒரு பொண்ணு உள்ள இருக்கலாம். எதை எதிர்க்கிறீங்களோ அந்த வாசல்ல உட்காருங்க, பொதுச்சாலையில வேண்டாம். ஃபிலடெல்ஃபியாக்காரங்க வாரிய அலுவலகத்துக்குத்தான் போனாங்க. கல்லு எடுக்கிறவன் இருந்தா நீங்களே வெளிய அனுப்புங்க.

நான் வந்து உட்கார முடியாது, அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கு. போறவங்களுக்கு டாக்டரா இதைச் சொல்றேன். கைது பண்ணா சாயங்காலம் வரைக்கும் ஏதாவது கல்யாண மண்டபத்துல வச்சிருப்பாங்க. சுகர், பிபி, வலிப்பு மாத்திரை இரண்டு வேளைக்கானதை சீட்டோட பையில வச்சுக்கங்க. இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுறவங்களும் உண்ணாவிரதத்துல உட்காராதீங்க, சுகர் இறங்கி மயக்கமாயிடுவீங்க. தண்ணி பாட்டில், தொப்பி, ரெண்டு கடலை மிட்டாய். வயசானவங்களை நிழல்ல உட்கார வைங்க.