கோயில் இருக்கு சரி, போற வழி?

துபாய்க் கோயில் விஷயத்துல நம்ம மக்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கறாங்க. ஒரு கட்சி வெள்ளை மார்பிள் போட்டோவைப் போட்டு "மத நல்லிணக்கம்னா இதான்யா"ன்னு புல்லரிக்குது. இன்னொண்ணு, "அரபுக்காரன் ஊர்ல கோயிலா? சும்மா ஷோ"ங்குது. ரெண்டாவது கும்பலுக்கு ஒரே பதில்: பர்துபாயில் 1958 காலத்திலேயே கோயில் வந்தாச்சு சாமி. ஊத் மேத்தாவில் செயின்ட் மேரீஸ் சர்ச் 1967-ல். கொஞ்சம் படிச்சுட்டு வாங்க.

எனக்கு மல்லுக்கட்டு முதல் கட்சியோடதான்.

பழைய சிவன் கோயில் எங்கே இருந்தது? கிரீக் ஓரம், பெரிய மசூதிக்குப் பக்கத்துச் சந்துல. பூக்கடை, ஊதுபத்தி, குங்குமம், குறுகலா ஒரு படிக்கட்டு. தேராவில் ஒரே ரூம்ல பத்துப் பேரோட படுக்கறவன், ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ராவுல ஏறினா கால் மணி நேரத்துல சாமி கும்பிட்டுட்டுத் திரும்பிடலாம். நெரிசல் தாங்காதுதான், சிவராத்திரின்னா மூச்சு முட்டும். 2024 ஜனவரியில் அந்தக் கோயிலை ஜெபல் அலிக்கு மாத்திட்டாங்க. அங்கேதான் சர்ச்சுகள், 2012-ல் திறந்த குருத்வாரா, 2022 அக்டோபரில் திறந்த புதுக் கோயில் எல்லாம் வரிசையா நிக்குது. பார்க்க அழகு. கார் வெச்சிருக்கிற குடும்பத்துக்குச் சொர்க்கம்.

சோனாப்பூர் லேபர் கேம்ப்ல இருக்கறவனுக்கு? ஊரோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 40 கிலோமீட்டருக்கு மேல. பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். வாரத்துல கிடைக்கிற ஒரே லீவுல துணி துவைக்கணும், சமைக்கணும், ஊருக்குப் பேசணும். ஜெபல் அலி பக்கத்துக் கேம்ப்காரங்களுக்கு இப்போ கிட்டத்தான், அதை மறுக்கலை. ஆனா எத்தனை கோபுரம்னு எண்ணிட்டு "ஆஹா"ங்கறவங்க, எத்தனை பேரால போக முடியுதுன்னு எண்ணவே மாட்டேங்கறாங்களே!

கிறிஸ்தவங்க கதையும் இதேதான். 2022 வரைக்கும் வார லீவு வெள்ளிக்கிழமைங்கறதால, ஞாயிறு பூசைக் கூட்டமெல்லாம் வெள்ளிக்கிழமையே கூடும். அப்புறம் அரசாங்கம் சனி-ஞாயிறுன்னு மாத்தினப்போ ஆபீஸ்காரங்களுக்குக் கொண்டாட்டம். தனியார் கம்பெனிகளில் லீவு என்னைக்குன்னு முதலாளிதான் முடிவு பண்றார். கடைப் பையனுக்கு எந்தக் கிழமை ஞாயிறுன்னு அவர் சொன்னாத்தான் தெரியும்.

இன்னொண்ணு. "சுதந்திரம்"ங்கற வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் புழங்குங்க. நிலம் ஷேக் கொடுத்தது. 2023-ல் முஸ்லிம் அல்லாதவங்க வழிபாட்டு இடங்களுக்குன்னே தனிச் சட்டம் வந்தது, லைசென்ஸ் இல்லாம நடத்த முடியாது. மதப் பிரச்சாரம் கூடாது. மசூதியில் மட்டும் என்ன வாழுதாம்? வெள்ளிக்கிழமை பிரசங்கம் அரசுத் துறை எழுதிக் கொடுக்கறது, இமாம் தன் இஷ்டத்துக்குப் பேச முடியாது. இதுக்குப் பேரு அனுமதி. பத்துல ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரங்களா இருக்கிற ஊர்ல சண்டை சச்சரவு இல்லாம இது ஓடுதுங்கறது பெரிய விஷயம்தான், யாரு இல்லேன்னா? ஆனா அனுமதியை உரிமைன்னு சொல்லி ஊரை ஏமாத்தாதீங்க.

டிஸ்கி: "நன்றி கெட்டவனே"ன்னு திட்ட வர்றவங்க, வர்ற லீவு நாள்ல காரை வீட்டுலயே விட்டுட்டு சோனாப்பூர்ல இருந்து பஸ்ஸுலயே ஜெபல் அலி வரைக்கும் போய்ட்டு வந்து திட்டவும். :-)