கடைசித் தரிப்பிடத்துக்கு அப்பால்

கடந்த விடுமுறையில் வாப்பாவின் நண்பர் ஒருவரைப் பார்க்க ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தோட்டத்துக்குப் போனோம். "ஓட்டோ பிடிப்போம் மகள்" என்றார் வாப்பா. நான்தான் பஸ்ஸில் போவோம் என்று அடம்பிடித்தேன்.

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நடுவில் ஒரு வாகனம் போகுமளவுக்கே பாதை. ஒவ்வொரு வளைவிலும் சாரதி ஹோர்ன் அடித்தார். எதிரே வாகனம் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போகவேண்டும். அரிசிப் பையும் மரக்கறியுமாக ஏறிய அம்மாமார் எங்கே இறங்குவார்கள் என்பது நடத்துநருக்கு மனப்பாடம். மணி அடிக்காமலே பஸ் நின்றது.

என் பக்கத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி. டியூஷன் முடிந்து வருகிறாயா என்று கேட்டேன்.

"முடியல்ல அக்கா. பாதியில எழும்பி வந்துட்டேன். பஸ் பெக்டரி வரைக்கும்தான். அங்கயிருந்து மேல நடக்கணும். இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகல்லன்னா அம்மா பயந்துருவாங்க."

தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைதான் அவள் சொன்ன பெக்டரி. அதற்கு மேலேயும் லயன்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். லிப்டன் இருக்கையிலிருந்து காட்சி பார்க்க வருவோர் ஓட்டோவில் ஏறிப் போய்விடுவார்கள். அவளால் தினமும் அப்படிப் போக முடியுமா?

பெண்பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேசும்போது கட்டடம், ஆசிரியர், ஆய்வுகூடம் எல்லாம் கேட்கிறோம். பஸ்ஸைக் கேட்பதில்லை. 2005ஆம் ஆண்டு மாணவர்களுக்கென்று 'சிசு செரிய' சேவை தொடங்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் அது பாடசாலை நேரத்துக்கு ஓடுவது. பின்னேர வகுப்புக்குப் போகும் பிள்ளை சாதாரண பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறாள்.

மலைப் பாதையில் பஸ் ஓட்டினால் நட்டம் என்பார்கள். உண்மையாக இருக்கலாம். பஸ்ஸின் நட்டம் மாத முடிவில் ஒரு கணக்கில் எழுதப்படும். பாதியில் எழும்பி வந்த பாடங்கள் எந்தக் கணக்கில் வரும்?

இது மலையகத்தின் கதை மட்டுமல்ல. "பஸ் சரியில்லை, பிள்ளை வீட்டில் இருக்கட்டும்" என்ற பேச்சை எங்கள் ஊரிலும் கேட்டிருக்கிறேன். பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் பிள்ளையை நிறுத்துவதா? நாலு பெற்றோர் சேர்ந்து, வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்று மனு எழுதலாமே. பெரிய பஸ் ஏற முடியாத இடத்துக்குச் சிறிய வாகனம் கேட்கலாமே. டியூஷன் நடத்துவோரும் நேரத்தை அரை மணி முன்னுக்கு மாற்றலாம். அதற்குப் பணம் தேவையில்லை.

தொழிற்சாலை அருகே இறங்கினோம். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. எங்கள் பயணம் அங்கே முடிந்தது. அவள் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்து, குடையை விரித்து, மேலே நடக்கத் தொடங்கினாள்.

வாப்பா அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.