அந்த ஒரு பாடத்துக்கு விலக்கு கிடைக்குமா?

பாட்டு கேட்டு வரும் வாட்சாப் செய்திகளுக்கு நடுவே, தேர்வு முடிவு வெளியாகும் காலங்களில் வேறு வகைச் செய்திகளும் வந்துவிடும். "அக்கா, எல்லாப் பாடமும் முடிச்சிட்டேன். ஒரே ஒரு எம்.பி.யூ. பாடம்தான் பாக்கி. இதுக்காக இன்னொரு செமஸ்டர் இருக்கணுமாம். அப்பீல் பண்ணினா விட்டுடுவாங்களா?"

வானொலியில் இரண்டு பாட்டுக்கு இடையே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை இது. கூடுதலாக ஒரு செமஸ்டர் என்றால் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சேரும். பி.டி.பி.டி.என். கடன் ஒப்பந்தத்தில் குறித்த காலம் முடிந்திருந்தால் அந்தச் செலவு நேராக அப்பா அம்மாவின் தலையில் விழும். வேலைக்கு அழைத்த நிறுவனம் பட்டச் சான்றிதழுக்காகக் காத்திருக்காது. அதனால் இந்த வாரம் விலாவாரியாகவே பேசிவிடுவோம்.

நான் ஊடகத் துறையில் பட்டம் படித்த நாளில் இவற்றை 'லான் பாடங்கள்' என்போம். லான் என்பது அன்றைய தேசிய அங்கீகார வாரியம். 2007இல் அதன் பொறுப்பு எம்.கியூ.ஏ.விடம் போனது. பெயர் மட்டும் மாணவர்கள் வாயில் இன்னும் சில காலம் நிலைத்தது. தனியார் கல்விக் கழகங்களில் 2013 செப்டம்பர் முதல் 'மாத்தா பெலாஜாரான் பெங்காஜியான் ஊமும்' என்ற பொதுக் கல்விப் பாடங்கள் வந்தன. அதைத்தான் எம்.பி.யூ. என்று சுருக்கிச் சொல்கிறோம். தித்தாஸ் என்ற இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடமும் இன உறவுகள் பாடமும் அதில் இருந்தன. 2019க்குப் பிறகு இவற்றின் இடத்தை நெறியியலும் நாகரிகமும், தத்துவமும் நடப்பு விவகாரங்களும் என்ற இரு பாடங்கள் பிடித்தன.

இனி விஷயத்துக்கு வருவோம். மேல்முறையீடு எழுதும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: விலக்குத் தரும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

பல்கலைக்கழகம் தானாக வைத்த பாடம் என்றால், அதைத் தளர்த்தும் அதிகாரம் அதன் கல்விக் குழுவுக்கு உண்டு. ஆனால் எம்.பி.யூ. அப்படி வந்ததில்லை. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம், அதாவது சட்டம் 555, அதன் 43ஆவது பிரிவிலேயே கட்டாயப் பாடங்களைக் குறிப்பிடுகிறது. மலேசியப் படிப்பு எல்லாருக்கும், இஸ்லாமியக் கல்வி முஸ்லிம் மாணவர்களுக்கு, நன்னெறிக் கல்வி மற்றவர்களுக்கு. அந்த அடித்தளத்தில் எழுந்ததுதான் எம்.பி.யூ. ஆகவே, "ஐயா, இந்தப் பாடத்தை எனக்கு மட்டும் விட்டுவிடுங்கள்" என்று டீனிடம் கண்ணீரோடு நின்றாலும், அவருக்கு மனம் இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். கேட்டது கிடைக்காமல் திரும்புகிற பல கடிதங்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. 'விட்டுவிடுங்கள்' என்று கேட்காமல், 'நான் ஏற்கெனவே செய்ததைக் கணக்கில் எடுங்கள்' என்றோ, 'வேறு விதத்தில் செய்து முடிக்க அனுமதியுங்கள்' என்றோ கேட்க வேண்டும்.

முதல் வழி, கிரெடிட் மாற்றம். ஒரு பல்கலைக்கழகத்தில் பாதி படித்துவிட்டு இன்னொன்றுக்கு மாறியவர்களுக்கு இது பொருந்தும். பழைய பாடத்தில் குறைந்தது 'சி' கிரேடு இருக்க வேண்டும். பாட உள்ளடக்கம் பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும். நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். நிலையைக் கண்டுபிடிக்க உங்கள் ரிசல்ட் தாளிலேயே வழி இருக்கிறது. எம்.பி.யூ. 3113 என்று ஒரு பாடக் குறியீடு இருந்தால், முதல் எண் 3 இளங்கலையைக் குறிக்கும். டிப்ளோமா என்றால் 2, சான்றிதழ் நிலை என்றால் 1. இரண்டாவது எண் அது எந்தப் பிரிவுப் பாடம் என்று சொல்லும். கடைசி எண் கிரெடிட் அளவு. டிப்ளோமாவில் மலேசியப் படிப்பில் 'ஏ' வாங்கியிருந்தும் பட்டப் படிப்பில் மறுபடியும் எம்.பி.யூ. எடுக்கச் சொல்கிறார்களே என்று குமுறுகிறவர்களுக்கு விடை அந்த முதல் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் தனித் தொகுதி.

இரண்டாவது, தேசிய மொழி. 'பஹாசா கெபாங்சாஆன் ஏ' என்ற பாடம் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் பெறாதவர்களுக்கானது. எஸ்.பி.எம். மறுதேர்வு எழுதிப் பிறகு கிரெடிட் வாங்கிய பிள்ளைகள் பலர், அந்தப் புதிய தாளைப் பதிவகத்தில் கொடுக்காமல் வீட்டுக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். பதிவகத்துக்குத் தெரிந்தது சேரும்போது கொடுத்த பழைய தாள் மட்டுமே. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மேல்முறையீடே தேவையில்லை. அசலைக் காட்டி, நகலைக் கொடுத்து, பதிவைத் திருத்தச் சொன்னாலே போதும்.

மூன்றாவது, அப்பெல்-சி. வேலை அனுபவத்தால் பெற்ற அறிவுக்குக் கிரெடிட் தரும் எம்.கியூ.ஏ.வின் ஏற்பாடு இது. சவால் தேர்வு எழுதலாம், அல்லது செய்த வேலைகளின் கோப்பைத் தொகுத்துக் கொடுக்கலாம். மொத்தப் படிப்பில் 30 விழுக்காடு வரைதான் இப்படிப் பெற முடியும். எந்தெந்தப் பாடங்களுக்கு இதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதை உங்கள் கல்விக் கழகத்தில் கேட்க வேண்டும். பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகும் அண்ணன் அக்காமார்கள் முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

நான்காவது, நேரம். கடைசிப் பாடம் ஒன்றுதான் பாக்கி என்றால் குறுகிய செமஸ்டரில் எடுக்க முடியுமா, வழக்கமான உச்ச வரம்பைத் தாண்டி ஒரு பாடம் சேர்த்துக்கொள்ள முடியுமா, இணைய வகுப்பு உண்டா, வேறொரு கல்விக் கழகத்தில் படித்து முடிவைக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். இவை பெரும்பாலும் பல்கலைக்கழகமே முடிவு செய்யக்கூடியவை. ஆகவே உங்கள் கடிதத்துக்கு இங்கே பலம் உண்டு.

டெங்கிலில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதை இந்த இடத்தில் பொருந்தும். தாமான் பெர்மாத்தாவில் வளர்ந்தவர். பெயர் வேண்டாம் என்றார். முதல் உலகப் போர் முடிந்து வந்த ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921இல் தொடங்கிய பெராங் புசார் தோட்டமும் அதன் பக்கத்துத் தோட்டங்களும் புத்ராஜெயாவுக்காகக் கைமாறியபோது, அங்கிருந்த குடும்பங்கள் வந்து சேர்ந்த இடம் தாமான் பெர்மாத்தா என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். தம்பியின் தாத்தா பாட்டி அந்தத் தோட்டத்துக்காரர்கள்.

பகலில் வகுப்பு, இரவில் விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. எம்.பி.யூ.வின் நான்காவது பிரிவு சமூகச் சேவையும் புறப்பாடமும். அவருடைய பல்கலைக்கழகத்தில் அது சனிக்கிழமை காலையில் நடந்தது. இரவு வேலை முடித்து வருகிறவரால் போக முடியவில்லை. வருகைப் பதிவு குறைந்து பாடம் நின்றது. விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார். வீட்டுக் கஷ்டம், அப்பாவின் உடல்நிலை, வேலை நேரம் என்று இரண்டு பக்கம். ஒரு வரியில் பதில் வந்தது: விலக்கு இல்லை.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை நீ என்னப்பா பண்ற?" தாமான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். எவ்வளவு நாளாக? இரண்டு வருடமாக. சமூகச் சேவைப் பாடத்தில் அவர்கள் செய்யச் சொல்வதும் அதுதானே!

இரண்டாவது கடிதம் ஒரு பக்கம்தான். பாடக் குறியீடு, பாடம் எதிர்பார்க்கும் கற்றல் விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நேரே அவர் செய்து வரும் பணி, வகுப்பு நடந்த நாட்களின் பட்டியல், குடியிருப்பாளர் சங்கத்தின் உறுதிக் கடிதம். கேட்டது விலக்கு இல்லை, மாற்று ஏற்பாடு. மலாயில் ஓர் அறிக்கையும், விரிவுரையாளர் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பதும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். வந்து பார்த்த விரிவுரையாளர் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே இளங்கலைப் பாடத்திட்டத்தில் பகுதி ஐந்து என்று ஒன்று உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்றவை அதில் சேரும். வகுப்பறைக்கு வெளியே செய்ததும் பட்டத்தின் ஒரு பகுதிதான்.

சரி, இந்தப் பாடங்களே வேண்டாத சுமைதானே, பொறியியல் படிக்கிறவனுக்கு நாகரிகம் எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2006ஐ நினைவூட்ட விரும்புகிறேன். நமக்குப் பக்கத்திலேயே, செர்டாங்கில் இருக்கும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் இன உறவுகள் கையேட்டில், 2001இல் ஆறு உயிர்களைப் பறித்த கம்போங் மேடான் சம்பவத்துக்கு இந்திய இளைஞர்கள் மீது பழி போடும் விதத்தில் எழுதியிருந்தார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. அந்த ஆண்டு ஜூலையில் அமைச்சரவை கையேட்டை மீட்டுக்கொண்டது. பிறகு தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய பாடநூல் எழுதப்பட்டது.

அந்தக் கையேட்டை யாரோ திறந்து படித்ததால்தான் தவறு வெளியே வந்தது. 'பாஸானா போதும்' என்று எல்லாரும் புரட்டிவிட்டுப் போயிருந்தால், நம் பிள்ளைகளைப் பற்றிய அந்த வரிகள் வருடா வருடம் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் பாடமாகவே போயிருக்கும். நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவாவது அந்த வகுப்பில் நாம் இருக்க வேண்டும். பெராங் புசார் குடும்பங்களின் கதை ஒரு நாள் அந்தப் பாடத்தில் விவாதத்துக்கு வர வேண்டுமென்றால், அதை எடுத்துச் சொல்ல அந்தத் தம்பி போன்ற ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாரும் விலக்கு வாங்கிக்கொண்டு வெளியேறினால் யார் பேசுவது?

அதே நேரத்தில், படித்ததையே மறுபடி படிக்கச் சொல்வதும், வேலை செய்து படிக்கிற பிள்ளைக்கு நேரம் ஒதுக்க மறுப்பதும் நியாயம் இல்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் சுருக்கமாகச் சில விஷயங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் மாணவர் கையேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்; விதிகள் மாறினாலும் உங்களுக்கு எந்தத் தொகுதி என்பதை அதைக் காட்டித்தான் பேச முடியும். படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் சேமித்து வையுங்கள். கிரெடிட் மாற்றத்துக்கு மதிப்பெண் தாள் மட்டும் போதாது. கிரெடிட் மாற்றம் கேட்பதற்கான கெடு பெரும்பாலும் முதல் செமஸ்டரின் தொடக்க வாரங்களிலேயே முடிந்துவிடும். கடைசி ஆண்டு வரை காத்திருக்காமல் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே, 'பட்டம் பெற எனக்கு இன்னும் என்னென்ன பாக்கி?' என்று பதிவகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது.

கடிதம் எழுதும்போது கஷ்டத்தை ஒரு பத்தியில் சொல்லுங்கள், ஆதாரத்தை மூன்று பத்தியில் வையுங்கள். படிக்கிற அதிகாரிக்கும் மனம் உண்டுதான். ஆனால் அவர் மேலே ஒரு குழுவுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் குழுவிடம் அவர் காட்டுவதற்கு உங்கள் கடிதத்தில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?