வார்டில் கத்தியை யார் கையில் தருவது? மருத்துவப் பயிற்சியும் சாதியும்

ஜலகண்டாபுரம் போன்ற தறி ஊரில், அரசுப் பள்ளியில் படித்த அருந்ததியர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இன்று சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் சேர முடியும். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு, அதனுள் 2009 முதல் அருந்ததியருக்கு வழங்கப்படும் 3 விழுக்காடு, 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைக்கும் 7.5 விழுக்காடு ஆகியவை அந்த வாயிலைத் திறந்தன. ஆனால் இடஒதுக்கீட்டின் பாதுகாப்பு சேர்க்கையோடு முடிந்துவிடுகிறது. மருத்துவராக உருவாகும் இடம் வகுப்பறை அன்று, நோயாளியின் படுக்கையோரம். அங்கே யாருக்கு என்ன கற்றுத்தரப்படும் என்பதை எந்த அரசாணையும் தீர்மானிப்பதில்லை.

தையல் போடுவதும், பிரசவம் பார்ப்பதும், நரம்பில் ஊசி ஏற்றுவதும் கையால் செய்து பழக வேண்டியவை. ஒரு பயிற்சியாளர் இருபது முறை செய்யலாம். அவருக்கு அருகில் நிற்பவர் இருபது முறையும் வேடிக்கை பார்க்கலாம். இருவருக்கும் கிடைப்பது ஒரே பட்டம். இந்தப் பங்கீட்டைச் செய்பவர்கள் பேராசிரியரும் மூத்த மாணவர்களும்தான். 'ஆர்வமுள்ளவர்', 'நம் பையன்' என்ற அளவுகோல்களே அங்கு விதிகளாகின்றன. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் சாதி நுழைவது எளிது.

இது வெறும் ஊகம் அன்று. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, 2007 இல் அளித்த அறிக்கையில், ஆசிரியர்களின் ஆதரவு கிட்டாமையையும் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் நிலவிய பாரபட்சத்தையும் பதிவு செய்தது. தமிழ்நாட்டிலிருந்து அகமதாபாத்துக்கு அறுவை சிகிச்சை முதுநிலை பயிலச் சென்ற தலித் மருத்துவர் ஒருவர் 2018 ஜனவரியில் தற்கொலைக்கு முயன்றார். அறுவை சிகிச்சை செய்ய விடாமல் தேநீர் பரிமாற வைத்தார்கள் என்பது அவரது புகார். மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவம் பயின்ற பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மருத்துவர்கள் மூவர் கைதாயினர். சாதி வசைகளோடு, பிரசவம் பார்க்க அனுமதிக்கவில்லை என்பதும் அந்தக் குடும்பத்தின் குற்றச்சாட்டு. பயிற்சி மறுக்கப்பட்டது என்பது இவ்விரு புகார்களுக்கும் பொதுவானது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r) பிரிவு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நிகழும் அவமதிப்பைத் தண்டிக்கிறது. நான்கு சுவர்களுக்குள், வெளியார் இல்லாத இடத்தில் நடந்தது அதில் அடங்காது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 இல் கூறியது. அறுவை அரங்கின் சாட்சிகள் எல்லோரும் அதே பேராசிரியரிடம் கையொப்பம் வாங்க வேண்டியவர்கள். 3(1)(za) பிரிவு மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. உள்ளே விட்டு ஓரமாக நிறுத்திவைப்பதற்கு அதில் நேரடியான சொல் இல்லை. வசைச் சொல்லையாவது யாரேனும் கேட்டிருக்கலாம். தரப்படாத வாய்ப்பை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது?

இந்தக் கேள்விக்கான விடை, நாம் கல்வியாளர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவைக்கும் கற்பித்தல் முறைகளில் இருக்கிறது. 2019 இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான மருத்துவப் பாடத்திட்டம், செய்துகாட்டல், கவனித்தல், உதவுதல், தானே செய்தல் என நான்கு படிகளை வகுத்துள்ளது. பயிற்சிக் குறிப்பேடும் கட்டாயம். ஒருவர் மூன்று மாதமாக 'கவனித்தல்' படியிலேயே நிற்கிறார், அவருடன் சேர்ந்தவர்கள் 'தானே செய்தல்' நிலையை எட்டிவிட்டார்கள் என்றால், அந்தக் குறிப்பேடே ஆவணச் சான்று. பருவ இறுதியில் ஒரே நாளில் கையொப்பம் வாங்கும் சடங்காக அதைச் சுருக்கினால் பாதுகாப்பு போய்விடும்.

1992 இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் முன்வைத்த ஐந்து படி முறையும் இவ்வகையில் பயன் தரும். ஆசிரியர் முதலில் மாணவரின் முடிவைக் கேட்க வேண்டும்; பிறகு அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும்; பொது விதி ஒன்றைச் சொல்லி, சரியாகச் செய்ததைப் பாராட்டி, பிழையைத் திருத்த வேண்டும். சில நிமிடங்களே பிடிக்கும். நோயாளியின் முன்னால் மாணவரைக் கூனிக்குறுக வைக்கும் 'வார்டு ரவுண்ட்' பழக்கத்துக்கு இதில் இடமில்லை. தமிழ்வழியில் படித்து வந்தவரின் தயங்கிய ஆங்கிலத்துக்குப் பின்னால் உள்ள சிந்தனையும் இதில் வெளிப்படும். 1975 இல் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய செய்முறைத் தேர்வில், ஒவ்வொரு மாணவரும் ஒரே வரிசையான மேசைகளைக் கடந்து, ஒரே மதிப்பெண் பட்டியலால் அளக்கப்படுகிறார். தேர்வாளரின் விருப்பு வெறுப்பு செயல்படும் வெளி அங்கே குறைகிறது. தோரட் குழு சுட்டிய வாய்மொழித் தேர்வுச் சிக்கலுக்கு இது நேரான மாற்று.

நோயாளியின் பக்கமும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் மாணவர்களுக்குப் பாடநூலாகும் உடல்கள் பெரும்பாலும் தறித் தொழிலாளர், விவசாயக் கூலிகள், தூய்மைப் பணியாளர்களுடையவை. அவர்களிடம் பெயர் சொல்லி அறிமுகமாகி, ஒப்புதல் கேட்பது பயிற்சியின் முதல் பாடமாக வேண்டும். இப்போது மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களின் நலனைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் உள்ளது. ஜலகண்டாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அத்திட்டம் வரும்போது, பேருந்து ஊர்த்தெருவில் நின்றுவிடுமா, காலனி வரை வருமா என்பதை நாம் கேட்க வேண்டும்.

கோரிக்கைகள் எளியவை. யார் எத்தனை முறை எந்தச் செய்முறையைச் செய்தார் என்ற விவரத்தை ஒவ்வொரு துறையும் மாதந்தோறும் தொகுக்க வேண்டும். சம வாய்ப்புப் பிரிவு அதைச் சமூகவாரியாக ஆராய வேண்டும். புகார் கொடுப்பவரின் மதிப்பீட்டைக் குற்றம் சாட்டப்பட்டவர் செய்யக் கூடாது. செவிலியர், ஆய்வக நுட்பனர் பயிற்சிகளுக்கும் இவை பொருந்த வேண்டும். மாணவர் அமைப்புகள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதமே உங்கள் குறிப்பேடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் தேதியுடன் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். மரணத்துக்குப் பின் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையை விட, வாழும்போது எழுதப்படும் குறிப்பேடு வலிமையானது.