சிக்கனம் யாருடைய செலவில்?



நீலகிரி மலையில் வாழ்வோருக்கு மார்கழி, தை மாதங்களின் ஃபஜ்ர் நேரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும். குழாயில் வரும் தண்ணீர் விரல்களை மரத்துப் போகச் செய்யும். அந்த நேரத்தில் உளூச் செய்ய ஒரு செம்பு வெந்நீர் கிடைப்பது அல்லாஹ்வின் பெரும் நிஃமத்.

எங்கள் வீட்டில் அந்த வெந்நீர் பல ஆண்டுகளாகக் கொல்லைப்புறத்துச் செம்புப் பாய்லரிலிருந்து வந்தது. சீகை விறகும் கற்பூர மரச் சுள்ளியும் எரிபொருள். அதற்குப் பெரிய செலவில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். வீண்விரயம் செய்யாதிருப்பது மார்க்கம் கற்பித்த ஒழுக்கம் என்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் அல்லவா நாங்கள்!

ஆனால் அந்த நெருப்பைப் பற்றவைத்தவர் யார்? எங்கள் உம்மா. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பனியில் நனைந்த விறகை ஊதி ஊதி எரியவைப்பார். ஆண்கள் எழும்போது வெந்நீர் தயாராக இருக்கும். நாங்கள் உளூச் செய்து பள்ளிவாசலுக்குப் போவோம். உம்மா கண்ணீர் வழியும் கண்களோடு அடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் உம்மாவின் இருமல் மாதக்கணக்கில் நீடித்தது. பரிசோதித்த மருத்துவர் முதலில் கேட்டது, வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா என்பதே. ஒருவரும் இல்லை என்றோம். அடுத்து, எத்தனை ஆண்டுகளாக விறகு அடுப்பு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் தலைகுனிந்துதான் பதில் சொன்னோம்.

வீட்டுக்குள் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் ஆகியவற்றை எரிப்பதால் உண்டாகும் புகை 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்போர் பெண்களும் சிறு குழந்தைகளுமே. விறகின் விலையைக் கணக்கிட்ட நாங்கள் உம்மாவின் நுரையீரலைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருவரின் உடலில் சுமையை ஏற்றிவிட்டு மிச்சப்படுத்துவதற்குப் பெயர் சிக்கனம் அன்று. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நம் உடல் மட்டுமல்ல, நமக்காக உழைப்பவரின் உடலும் அமானிதமே.

சூரிய வெந்நீர்க் கலனைப் பற்றி முதலில் யோசித்தோம். மழையும் மூடுபனியும் நாள் கணக்கில் நீடிக்கும் எங்கள் ஊருக்கு அது மட்டும் போதாது. சாதாரண கெய்சர் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். இறுதியில், இரண்டு ஆண்டுகள் சேமித்து, உறவினர் ஒருவர் தந்த அழகிய கடனையும் சேர்த்து, 200 லிட்டர் தொட்டியுடன் கூடிய ஹீட் பம்ப் வாங்கினோம். விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியது. வட்டியில்லாமல் வாங்க வேண்டும் என்பதற்காகவே அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

அது வேலை செய்யும் விதம் எளிது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அவ்வாறே வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கச் செலவாவதில்லை. அதை இடம் மாற்றவே செலவாகிறது. 15 பாகை குளிர்ச்சியில் உள்ள 200 லிட்டர் தண்ணீரை 50 பாகைக்குச் சூடாக்க கெய்சருக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் தேவை. ஹீட் பம்புக்கு நல்ல நிலையில் சுமார் மூன்று யூனிட் போதும்.

குறைகளும் உண்டு. காற்று மிகவும் குளிர்ந்தால் அதன் திறன் குறையும். ஆகவே வெயில் ஏறிய நண்பகலில் ஓடுமாறு நேரம் வைத்துள்ளோம். வெப்பம் வெளியேறாத தொட்டி என்பதால் மறுநாள் ஃபஜ்ர் வரை தண்ணீர் சூடாகவே இருக்கிறது. மூடிய அறையில் அதை வைக்கக் கூடாது. அது குளிர்ந்த காற்றை வெளிவிடும், இரைச்சலும் எழுப்பும். அண்டை வீட்டாரின் படுக்கையறைச் சாளரத்தை நோக்கி வைக்காதிருப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமை. நாள் முழுவதும் மின்சாரம் தடைப்படும் காலங்களுக்காகப் பழைய பாய்லரையும் அகற்றாமல் வைத்திருக்கிறோம்.

சிலர் கேட்கலாம்: குளிர்ந்த நீரில் சிரமத்தோடு உளூச் செய்வதற்கு நன்மை உண்டல்லவா? உண்டு. சிரமம் தானாக வந்து சேரும்போது அதைப் பொறுத்துக்கொள்வதற்கு நன்மை உண்டு. சிரமத்தைத் தேடிப்போக வேண்டும் என்பது அதன் பொருளன்று. எங்கள் வீட்டில் நிகழ்ந்ததோ இன்னும் மோசம். சிரமத்தை உம்மா சுமந்தார், சொகுசை நாங்கள் அனுபவித்தோம். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். அந்தச் செய்தியை வகுப்பில் எத்தனை முறை படித்துக் காட்டியிருக்கிறோம்! ஒரு நாளாவது நாங்கள் எழுந்து விறகை ஊதியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியோர் உயிரிழந்த செய்திகள் மலை ஊர்களில் நாம் அறியாதவை அல்ல. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கும்முன் நெருப்பை அணைத்துவிட வேண்டும் என்ற நபிவழியை நம் வீடுகளில் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம்.

எல்லாக் குடும்பங்களாலும் இந்தக் கருவியை வாங்க இயலாது என்பதை அறிவோம். அவர்கள் புகைபோக்கி அமைக்கலாம், விறகை நன்கு உலர்த்தி எரிக்கலாம், எரிவாயுவுக்கு மாறலாம். அதைவிட முக்கியமாக, ஜமாஅத்துகள் இதில் முன்வர வேண்டும். பள்ளிவாசலுக்குப் பளிங்குக் கல்லும் அலங்கார விளக்கும் வாங்கத் திரட்டும் நிதியில் ஒரு பகுதியை, நன்கொடை தந்தோரின் சம்மதத்தோடு, அழகிய கடனாகச் சில குடும்பங்களுக்குத் தந்தால் என்ன? மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்துவார்கள். அந்தப் பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும். எத்தனை உம்மாக்களின் மூச்சு இலேசாகும்!

உம்மா இப்போதும் நான்கு மணிக்கே விழித்துவிடுகிறார். உடல் அந்த நேரத்துக்குப் பழகிவிட்டது. இருமல் முழுவதும் நீங்கவில்லை. கடந்தவை கடந்தவைதான். ஆனால் இப்போது குழாயைத் திறந்து வெந்நீரில் உளூச் செய்து தஹஜ்ஜுத் தொழுகிறார். இத்தனை ஆண்டுகள் ஏன் தொழவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தொழுகைக்குத் தண்ணீர் சூடாக்கிய நேரம் அது.

நம் வீட்டுப் பெண்களின் உரிமைகளை உணர்ந்து நடக்கும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.