தீர்க்கதரிசிகளும் தொழில் நிறுவனங்களும்

பெருந்தொழினுட்ப நிறுவனமொன்றின் தலைவர் பதவி துறக்கும்போதும் மரணமடையும்போதும் ஒரே வினாவே மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றது: அவர் இல்லாத நிறுவனம் வாழுமா? 2011 ஓகஸ்ற் மாதத்தில் ஸ்டீவ் ஜொப்ஸ் அப்பிள் நிறுவனத்தின் தலைமையைத் துறந்து, ஒக்டோபர் 5 ஆந் திகதி காலமானபோது, பத்திரிகையாளரும் முகாமைத்துவ அறிஞரும் பலர் அந்நிறுவனத்தின் அந்திமக்காலம் நெருங்கிவிட்டதென ஆரூடம் கூறினர். அவ்வாண்டில் 108 பில்லியன் டொலராயிருந்த அதன் விற்பனை வருமானம் 2024 நிதியாண்டில் 391 பில்லியனாக உயர்ந்தது. ஆரூடம் பொய்த்தது, ஆயின் ஆரூடக்காரரின் கோட்பாடு மாறவில்லை. அவர்கள் ஜொப்ஸின் பின்வந்த டிம் குக்கை வேறொரு வகை மேதையெனப் போற்றத் தொடங்கினர். தெய்வம் மாறியது, பீடம் அப்படியே இருந்தது.

இப்பீடமே ஆய்வுக்குரியது. வரலாறு என்பது மாமனிதரின் வாழ்க்கை வரலாறுகளின் தொகுதியே எனும் கருத்தைத் தோமஸ் கார்லைல் 1840 களின் தொடக்கத்தில் முன்வைத்தார். அரசியல் வரலாற்றிலும் இலக்கிய வரலாற்றிலும் அக்கருத்து எப்போதோ மதிப்பிழந்தது. தனிமனிதனின் ஆற்றல் சமூகத் தேவைகளும் உற்பத்தி நிலைமைகளும் இடந்தரும் அளவிலேயே வரலாற்றில் செயற்படும் என்பதை 1898 இல் பிளெக்கானொவ் எடுத்துக்காட்டினார். ஏனைய துறைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட வீரவழிபாடு இன்று முகாமைத்துவ நூல்களில் விஞ்ஞானம் என்ற பெயரிற் குடிபுகுந்துள்ளது. அதன் செல்வாக்கிலிருந்து பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை.

வீரவழிபாட்டாளர் பெரிதும் நம்பும் சான்று அப்பிளின் வரலாறே. 1985 இல் ஜொப்ஸ் வெளியேற நேர்ந்தது. 1996, 1997 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் நிறுவனம் ஏறத்தாழ 1.9 பில்லியன் டொலர் நட்டமடைந்தது. 1997 இல் அவர் மீண்டார், நிறுவனமும் மீண்டது. அவர் போனதால் வீழ்ந்தது, வந்ததால் எழுந்தது என்பது இவர்களின் வாதம். பார்வைக்கு வலிமையான இவ்வாதம், இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளைக் கண்டுகொள்ளாதபோதே நிலைபெறுகின்றது.

அவ்வாண்டுகளிற் பெரும்பகுதி வீழ்ச்சிக் காலமன்று. 1985 இல் 1.9 பில்லியன் டொலராயிருந்த விற்பனை 1995 இல் 11 பில்லியனைத் தாண்டியது. மடிக்கணனியின் அமைப்பையே வகுத்த பவர்புக் 1991 இல் வெளிவந்தது. 1990 இல் பிரித்தானிய ஏகோர்ன் நிறுவனத்தோடும் வி.எல்.எஸ்.ஐ. நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து, ஆம் எனப்படும் நுண்செயலி வடிவமைப்பு நிறுவனத்தை அப்பிள் தொடங்கியது. பின்னாளில் ஐபோனின் உள்ளே இயங்கியது இந்த வடிவமைப்பின் வழிவந்த நுண்செயலியே. தீர்க்கதரிசி இல்லாத காலத்தில் ஊன்றப்பட்ட வித்தின் பயனைத் தீர்க்கதரிசி வந்து அறுவடை செய்தார்.

வீழ்ச்சியின் காரணம் வேறிடத்தில் இருந்தது. 1980 களின் பிற்பகுதியில் அப்பிளின் விற்பனை வருமானத்தில் ஏறத்தாழப் பாதி மொத்த இலாபமாயிருந்தது. பல உற்பத்தியாளர் மலிவாகச் செய்த கணனிகள் அனைத்திலும் மைக்ரோசொவ்ட்டின் பணிசெயல் முறைமை இயங்கத் தொடங்கியபோது, தன் இயந்திரத்தில் மட்டுமே இயங்கும் மென்பொருளை உயர்விலைக்கு விற்ற நிறுவனம் ஒடுங்குவது தவிர்க்க முடியாததாயிற்று. உயர்விலை ஜோன் ஸ்கல்லியின் கொள்கை. பிறரால் விரிவாக்க முடியாத மூடிய இயந்திரம் ஜொப்ஸின் கொள்கை. இரண்டும் கூடியே அந்த நெருக்கடியை உருவாக்கின.

மீட்சியிலும் இதுவே உண்மை. 1997 இல் ஜொப்ஸ் பெருகிக்கிடந்த உற்பத்திப் பொருள்களைத் துணிவுடன் வெட்டிக் குறைத்தார்; அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் அவர் உடன் கொணர்ந்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் பணிசெயல் முறைமை எங்கிருந்து வந்தது? அதன் கருப்பகுதி கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக். அதனோடு இணைந்தது கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் உருவான யுனிக்ஸ் வகை. இரண்டும் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிதியால், அதாவது பொதுப்பணத்தால், வளர்ந்தவை. ஒரு தனிமனிதனின் தரிசனம் எனப்பட்டது பல்கலைக்கழக ஆய்வாளர் பலரின் ஆண்டுக்கணக்கான உழைப்பை அத்திவாரமாகக் கொண்டிருந்தது.

இனி, தலைவர் போனபின் உண்மையிலேயே அழிந்த நிறுவனமொன்றை நோக்கலாம். எட்வின் லாண்ட் 1937 இல் நிறுவிய பொலரொயிட், எடுத்த படத்தை உடனேயே கையிற் தரும் கமெராவால் உலகப்புகழ் பெற்றது. ஜொப்ஸ் தம் முன்னோடியாகப் போற்றியவர் லாண்ட். 1977 இல் வெளிவந்த அவரது உடனடிச் சினிமாக் கருவியான பொலவிஷன் பெருந்தோல்வியுற்றது. 1980 இல் நிறைவேற்றுத் தலைமையையும் 1982 இல் தவிசாளர் பதவியையும் அவர் துறந்தார். 2001 ஒக்டோபரில் நிறுவனம் வங்குரோத்தானது. தலைவர் போனதால் புத்தாக்கம் செத்தது என்பர் வழிபாட்டாளர். ஆயின் 1980 களிலேயே பொலரொயிட் இலத்திரனியற் படவாக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தது. 1996 இல் இலக்கமுறைக் கமெராவொன்றை விற்பனைக்கும் விட்டது. குறைந்தது தரிசனமன்று. கமெராவை மலிவாகக் கொடுத்துப் படத்தாளில் இலாபமீட்டும் முறையிலேயே நிறுவனம் கட்டப்பட்டிருந்தது. படத்தாள் தேவைப்படாத கமெரா அந்த இலாபத்தின் எதிரி. ஆய்வுகூடத்தில் இருந்த எதிர்காலத்தைக் கணக்கேட்டில் இருந்த கடந்தகாலம் தோற்கடித்தது. அந்த இலாபமுறையை அமைத்தவரே லாண்ட் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தீர்க்கதரிசி போகாமலே வீழ்ந்த நிறுவனமும் உண்டு. கென் ஒல்சன் 1957 இல் இணைந்து நிறுவிய டிஜிற்றல் எக்கியூப்மன்ற் கோப்பரேஷன், இடைத்தரக் கணனிகளால் ஐ.பி.எம். நிறுவனத்துக்கே சவாலாகி, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய கணனி நிறுவனமாயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமையை அவரே வகித்தார். மலிவான நுண்கணனிகள் பெருகிய காலத்திலும் விலையுயர்ந்த தன் இயந்திரங்களை நிறுவனம் கைவிடவில்லை. 1992 இல் அவர் விலகினார். அந்நிதியாண்டின் நட்டம் 2.8 பில்லியன் டொலர். 1998 இல் கொம்பாக் அதனை விழுங்கியது. அவர் போனதால் வீழ்ந்தது என இங்கு எவரும் கூற முடியாது. அவரை மறுத்துரைக்கக்கூடிய அமைப்பு உள்ளே இல்லாதமையே அவலம்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. ஒரு நிறுவனத்தின் வாழ்வைத் தீர்மானிப்பவை இரண்டு: அதன் இலாபம் எதில் தங்கியுள்ளது என்பது ஒன்று, அவ்விலாபத்துக்கு எதிராகவும் முடிவெடுக்கவல்ல கூட்டாற்றல் அதனிடம் உண்டா என்பது மற்றொன்று. 2011 க்குப் பின் அப்பிள் வீழாமைக்கும் இதுவே விளக்கம். 1998 இற் சேர்ந்த குக் பதின்மூன்று ஆண்டுகளில் ஒழுங்கமைத்த விநியோக வலையும், 2008 இல் வாங்கப்பட்ட பி.ஏ. செமி நிறுவனத்தின் பொறியியலாளரையும் உள்ளடக்கி வளர்ந்த நுண்செயலிப் பிரிவும் ஜொப்ஸோடு புதைக்கப்படவில்லை. 2020 இல் வெளிவந்த எம் 1 நுண்செயலி அப்பிரிவின் ஆக்கமே. மைக்ரோசொவ்ட்டின் கதையும் வேறன்று. 2014 இல் தலைமையேற்ற சத்யா நாதெல்லாவின் சாதனையாகப் போற்றப்படும் அசூர் சேவை, மந்தமானவரென இகழப்பட்ட ஸ்டீவ் போல்மரின் காலத்தில், 2010 இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

தனிமனிதனின் பங்கு முற்றாக மறுக்கப்படுகின்றதா என வினவப்படலாம். இல்லை. எதை விடுவது, எதைத் தொடர்வது என்று நெருக்கடியில் தீர்மானிப்பவன் காலத்தை விரைவுபடுத்தலாம், தாமதப்படுத்தவும் செய்யலாம். ஆயின் தெரிவு செய்தலும் படைத்தலும் ஒன்றல்ல. மாலுமியின் திறமை மெய்யே. அதனால் அவனே கப்பலைக் கட்டினான் என்றாகாது.

இந்தக் குழப்பம் அறியாமையால் மட்டும் விளைவதன்று. அதற்கொரு பயன் உண்டு. படைத்தவன் ஒருவனே என்றால் பலனும் ஒருசிலருக்கே உரியதாகும். அப்பிள் 2013 முதல் 2024 வரையான நிதியாண்டுகளில் 700 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தன் பங்குகளையே மீள வாங்குவதிற் செலவிட்டது. ஜொப்ஸ் உயிருடனிருந்த 2010 ஆம் ஆண்டிலேயே, அதன் கருவிகளைப் பொருத்திய பொக்ஸ்கொன்னின் சென்சென் தொழிற்சாலைகளில் பத்துக்கு மேற்பட்ட இளந்தொழிலாளர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். மாக்கை உருவாக்கிய ஆய்வாளரும் அத்தொழிலாளரும் தீர்க்கதரிசியின் கதையில் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றால் பங்கு கேட்பர்.

எனவே தலைவர் போனபின் நிறுவனம் செழிக்குமா என்ற வினாவுக்கு, செழிக்கும் என்பதே வரலாறு தரும் விடை. கூட்டு உழைப்பு அங்கு அமைப்பாகத் திரண்டிருக்குமாயின். ஆயின் அவ்வினாவோடு நின்றுவிடுவோர் அந்தச் செழிப்பு யாரால் விளைந்தது, யாரைச் சேர்ந்தது என்று கேட்க மறந்துவிடுகின்றனர். தீர்க்கதரிசிகளைப் பற்றிய பேச்சின் முதற்பயன் அந்த மறதியே. அதனைக் கலைத்தல் பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.